சாக்லேட்ல கிறிஸ்துமஸ் குடில் பண்ணப் போறீங்களா, இதெல்லாம் பண்ணிடாதீங்க

போன கிறிஸ்துமஸுக்கு சாப்பாட்டு மேசை நடுவுல வைக்க மாடலிங் சாக்லேட்ல ஒரு சின்னக் குடில் பண்ணலாம்னு இறங்கினேன், ஓலைக்கூரை, குழந்தை இயேசுவக் கிடத்துற முன்னணை, ரெண்டு ஆடு, மூணு ராஜாக்கள்னு பெரிய பிளான் வேற. முதல் நாளே பாதி சாக்லேட் எண்ணெயா மிதந்துச்சு.

மாடலிங் சாக்லேட்ல பெரிய வித்தை ஒண்ணும் இல்ல, உருக்கின சாக்லேட்ல லிக்விட் குளுக்கோஸ், அதான் கெட்டியான சர்க்கரைப் பாகு மாதிரி இருக்குமே, அதக் கலந்து ஆற வெச்சா களிமண் மாதிரி ஆகும், அவ்ளோதான். சொதப்புறது கலக்குறப்போதான். கேக் மாவு அடிச்சுப் பழகின கைக்கு நிறுத்தத் தெரியாது. குளுக்கோஸ் ஊத்தி மெதுவா மடிச்சுத் திருப்பினா கொஞ்ச நேரத்துல பளபளப்பு போய், பாத்திரத்த விட்டுத் திரண்டு வரும், அங்கயே கைய எடுத்துடுங்க. இன்னும் நைஸா வரட்டும்னு கிண்டினா கொழுப்பு தனியா பிரிஞ்சு வழியும். அப்படி ஆனாலும் அந்த எண்ணெயக் கொட்டிடாதீங்க. நான் கொட்டினேன், மறுநாள் புட்டு மாவு மாதிரி உதிருது. அப்படியே ஆற விட்டு, இறுகினப்புறம் அந்தக் கொழுப்போட சேர்த்துப் பிசைஞ்சா உள்ள போயிடும்.

அளவும் ஒரே அளவு கிடையாது. டார்க் 200 கிராமுக்கு குளுக்கோஸ் 100 கிராம் வரைக்கும் தாங்கும், ஒயிட்னா 50-60 போதும், அதுல கோகோ பவுடர் சமாச்சாரம் இல்லாததால அதிகம் ஊத்தினா கொழகொழன்னு ஆயிடும், நிக்காது. குளுக்கோஸ ஜில்லுனு ஊத்தினா கட்டி கட்டியா போயிடும், டப்பாவ சுடுதண்ணில கொஞ்ச நேரம் வெச்சுட்டு ஊத்துங்க.

அப்புறம் அவசரம். கிளிங் ஃபிலிம்ல இறுக்கமா சுத்தி ஒரு ராத்திரி வெளியவே வெச்சிடணும். ஃப்ரிட்ஜ்ல வெச்சு எடுத்தா நம்ம ஊர் ஈரக்காத்துக்கு மேல வேர்த்து, பிசுபிசுன்னு ஒட்டும். பிசையும்போதும் ரொம்ப நேரம் கைல வெச்சுக்காதீங்க, சாக்லேட்ல இருக்குற கொழுப்பான கோகோ பட்டர் 34 டிகிரி கிட்டயே உருகிடும், நம்ம உடம்புச் சூடே அதுக்கு மேல. அதனால சென்னை மாதிரி ஊருக்கு கோகோ பட்டருக்குப் பதிலா வேற தாவரக் கொழுப்பு போட்ட காம்பவுண்ட் சாக்லேட்டுக்குத்தான் என் ஓட்டு, ருசி கம்மிதான், ஆனா நிக்கும்.

டார்க் சாக்லேட்ட தேய்க்கும்போது கார்ன்ஃப்ளார் தூவாதீங்க, வெள்ளை வெள்ளையா திட்டு தெரியும், கோகோ பவுடர் தூவுங்க.

குடிலோட சுவர தேய்ச்சு வெட்டினதும் நிமித்திடாதீங்க, ஒரு நாள் தட்டுல படுக்க வெச்சுக் காய விட்டு அப்புறம் உருக்கின சாக்லேட்ட வெச்சு ஒட்டுங்க. கூரைக்கு மெல்லிசா தேய்ச்சு ஃபோர்க்கால கீறினா ஓலை மாதிரியே வரும், எனக்கு உருப்படியா வந்தது அது ஒண்ணுதான்.

கடைசியா, பக்கத்துல மெழுகுவத்தி ஏத்தாதீங்க. நான் அழகா இருக்கும்னு ரெண்டு ஏத்தினேன், ஜெபம் முடிச்சு கண்ணத் திறந்து பார்த்தா மூணாவது ராஜா அப்படியே வளைஞ்சு முன்னணைக்குள்ள தலைய விட்டுட்டாரு. ஃபோட்டோல பார்த்தவங்க எல்லாம் ராஜா என்ன பக்தியா கும்பிடுறாருன்னாங்க, நானும் ஆமான்னுட்டேன்.