பிளாக்செயின் விளையாட்டில் புதியவரை வாசலிலேயே நிறுத்திவிடும் தவறுகள்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் செல்லும் கல்லூரி மாணவர் ஒருவர், புதிய பிளாக்செயின் விளையாட்டொன்றைக் கைப்பேசியில் நிறுவுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டத்தில் சேரும் பொருள்களின் உரிமையை, பல கணினிகளில் பகிர்ந்து வைக்கப்படும் பொதுப் பதிவேடான பிளாக்செயினில் குறித்துவைக்கும் விளையாட்டு அது. முதலில் வருவது விளையாட்டன்று. அந்தப் பொருள்களைக் கையாளும் மின்பணப்பையான வாலட்டை இணைக்கச் சொல்லும் பொத்தான். அதைத் தொட்டால் வேறொரு செயலி, அதில் வாலட்டை மீட்டெடுக்கும் திறவுகோலாக 12 ஆங்கிலச் சொற்கள், அவற்றைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துமாறு ஓர் எச்சரிக்கை. நிற்கவே இடமில்லாத பேருந்தில் அவர் தாளுக்கும் பேனாவுக்கும் எங்கே போவார்? ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பார். இல்லையேல் செயலியையே நீக்கிவிடுவார்.

காப்பாற்றிக்கொள்ளத் தக்க பொருள் எதுவும் கையில் சேராதவரிடம் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவதுதான் இங்குள்ள பிழை. மின்னஞ்சல் வழியே உள்நுழைய வைத்து, வாலட்டைப் பின்னணியில் உருவாக்கும் வசதிகள் வந்துவிட்டன. எத்தீரியம் என்னும் பிளாக்செயினில் 2023 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இஆர்சி-4337 என்ற வாலட் நெறிமுறை, பரிவர்த்தனைக் கட்டணத்தை விளையாட்டு நிறுவனமே ஏற்க வழி செய்கிறது. ஆக்சி இன்ஃபினிட்டி என்ற பிளாக்செயின் விளையாட்டில் 2021இல், ஆக்சி எனப்படும் மெய்நிகர் செல்லப்பிராணிகள் மூன்றை விலைக்கு வாங்கினால்தான் ஆடவே முடியும் என்ற நிலை இருந்தது. 2022இல் வந்த ஒரிஜின்ஸ் பதிப்பு தொடக்க ஆக்சிகளை இலவசமாகவே கொடுத்தது.

இதைவிடப் பெரிய தவறு, ஒப்புதல் கேட்கும் திரையில் நடக்கிறது. டீக்கடையில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால், கடைக்காரர் பெயரையும் தொகையையும் காட்டிய பிறகே யுபிஐ ரகசிய எண்ணைக் கேட்கிறது. நம் மக்களுக்குப் பழகிய முறை அது. விளையாட்டிலோ ஒரு வாளை விற்க முயல்பவர் முன், 0x என்று தொடங்கும் நீண்ட எழுத்துக்குவியல் வந்து நிற்கிறது. போதாக்குறைக்கு, ஒரு வாளுக்குக் கேட்க வேண்டிய அனுமதியை, அந்தத் தொகுப்பில் அவரிடமுள்ள எல்லாப் பொருள்களுக்கும் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொள்ளும் வடிவமைப்பாளர்களும் இருக்கிறார்கள். படிக்காமல் ஒப்புக்கொள்ளும் பழக்கத்தை விளையாட்டே ஊட்டிவிட்டால், நாளை மோசடித் தளம் கேட்கும்போதும் அதே விரல் அதே வேகத்தில் அழுத்தும். 'இந்த ஒரு வாளை மட்டும் விற்க அனுமதிக்கிறீர்கள். மற்றவை உங்களிடமே இருக்கும்' என்று எழுதுவதோடு, அனுமதியையும் அந்த அளவிலேயே கேட்க வேண்டும்.

பரிவர்த்தனை உறுதியாகும் வரை திரை மௌனமாக இருப்பதும் குற்றமே. பணம் போயிற்றா இல்லையா என்று தெரியாதவர் பொத்தானை மறுபடியும் அழுத்துவார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, பிளாக்செயினையே முற்றாக மறைத்துவிடலாம் என்று முடிவு செய்வோர் மறுகோடிக்குப் போய்விடுகிறார்கள். தவறான வாலட் முகவரிக்கு அனுப்பிய பொருளை விளையாட்டு நிறுவனத்தால் மீட்டுத்தர இயலாது. அனுப்பும் பொத்தானுக்கு அருகிலேயே அதைச் சொல்லியாக வேண்டும்.

முதல் திரையில் 'விளையாடிச் சம்பாதியுங்கள்' என்று போடுவதை அறவே தவிர்க்கலாம். கிரிப்டோ நாணயங்கள், இத்தகைய விளையாட்டுப் பொருள்கள் போன்ற மெய்நிகர் டிஜிட்டல் சொத்துகளை விற்றுப் பெறும் லாபத்துக்கு 2022 ஏப்ரல் 1 முதல் 30 சதவீத வருமான வரி உண்டு. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. இரண்டும் மத்திய சட்டங்கள் என்பதால், கடலூருக்கு ஒன்று, புதுச்சேரிக்கு ஒன்று என்ற வேறுபாடு இல்லை. வரி பற்றிய குறிப்பை, யாரும் திறந்து பார்க்காத விதிமுறைப் பக்கத்தில் புதைக்காமல், விற்பனையை உறுதிசெய்யும் திரையிலேயே காட்ட வேண்டும்.