ஸ்கேலாரா, வெக்டரா? கூட்டிப் பாருங்கள்

நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரிக்குப் பஸ்ஸில் போய்த் திரும்பினால் கடந்த தொலைவு ஏறக்குறைய 40 கிலோமீட்டர், இடப்பெயர்ச்சி (கிளம்பிய இடத்திலிருந்து முடித்த இடத்துக்கு நேர்கோட்டில் உள்ள விலக்கம்) சுழி. தொலைவு ஸ்கேலார், அதாவது அளவு மட்டும் உள்ளது; இடப்பெயர்ச்சி வெக்டர், அதற்கு அளவோடு திசையும் உண்டு. இதுவரை சரியாகச் சொல்லிவிடும் பிள்ளைகள் மின்னோட்டம் என்றதும் தடுமாறுகிறார்கள். அதற்குத்தான் திசை இருக்கிறதே, அப்போ வெக்டர்தானே?

திசை மட்டும் போதாது, கூட்டிப் பார்க்க வேண்டும்; வெக்டர் என்றால் கூட்டும்போதும் திசை கணக்கில் வர வேண்டும். ஒரு பொருளைக் கிழக்கே 3 நியூட்டன் விசையும் வடக்கே 4 நியூட்டன் விசையும் சேர்ந்து இழுத்தால் தொகுபயன் விசை 7 அல்ல, 5 நியூட்டன். ஆனால் 3 ஆம்பியர் வரும் வயரும் 4 ஆம்பியர் வரும் வயரும் செங்கோணத்தில் சேரட்டும், எப்படி வேண்டுமானாலும் வளைந்து சேரட்டும், சந்திக்கு அப்புறம் போவது 7 ஆம்பியர்தான். அதனால் மின்னோட்டம் ஸ்கேலார்.

ஆரல்வாய்மொழிக் காற்றுக்கு வேகம் மட்டும் சொன்னால் ஸ்கேலார். மேற்கிலிருந்து வீசுகிறது என்றும் சேர்த்தால் அது திசைவேகம், வெக்டர்.