நாட்டைப் பற்றிய கவிதையைக் குரலில் பதிவு செய்வது எப்படி? கொழும்பிலிருந்து ஒரு செய்முறை விளக்கம்

பெப்ரவரி 4 நெருங்கினால் போதும், வாட்ஸ்அப் குழுக்களில் சுதந்திர தினக் கவிதைகள் குரலாக வந்து குவிகின்றன. முரசு, எதிரொலி, தொண்டை கிழியும் முழக்கம். பத்து வினாடி கேட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். எப்போதாவது வரும் ஒரு பதிவு மட்டும் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவரையும் திரும்பக் கேட்க வைக்கிறது. அதில் பேசுகிறவர் ஊரைக் கூட்டி உரை நிகழ்த்துவதில்லை. நம் ஒருவரிடம் மட்டும் சொல்கிறார். அப்படியான பதிவு ஒன்றைச் செய்வதற்கான வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். கைத்தொலைபேசி, இயர்ஃபோன், பென்சில், தாள் இருந்தால் போதும்.

பாட்டு வேறு, பேசும் கவிதை வேறு. பாட்டில் மெட்டு நம்மைத் தூக்கிச் சென்றுவிடும். பேசும் கவிதையில் சொல்கிறவரை நம்பினால்தான் சொல்லையும் நம்புவோம். அமெரிக்க செனட்டர் எவரெட் டிர்க்சன் எழுபது வயதில், இசைப் பின்னணியில் நாட்டுப்பற்று வரிகளைப் பேசிப் பதிவு செய்தார். 1967ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அது அமெரிக்காவின் பில்போர்ட் பாடல் தரவரிசைப் பட்டியலில் முதல் 40 இடங்களுக்குள் வந்தது. 1968இல் அவருக்கு கிராமி விருதும் கிடைத்தது. கரகரத்த, அவசரமில்லாத குரல் அவருடையது. நம் ஊர்க் காதும் குரலுக்குப் பழகிய காதுதான். கொழும்பில் 1925இலேயே வானொலி தொடங்கிவிட்டது. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைக் கேட்டு வளர்ந்தவர்கள் ழகரம் பிசகினால் உடனே முகம் சுளிப்பார்கள்.

படி 1: வரிகளைத் தேர்ந்தெடுங்கள்

பயிற்சிக்குப் பாரதியை எடுத்துக்கொள்ளலாம். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை ஆசிரியரின் ஆயுள் முழுவதும், அவர் இறந்தபின் 70 ஆண்டுகளும் நீடிக்கிறது. பாரதி 1921இல் மறைந்தார். அவர் வரிகளுக்குத் தடையில்லை. அண்மைக்காலக் கவிஞர்களின் வரிகளை வாசிப்பதானால் அவர்களிடமோ குடும்பத்தாரிடமோ கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஆனால் வெளியிடுவதற்கு உங்கள் சொந்த வரிகளே வேண்டும். பாரதி பாடியது அவருடைய நாட்டை. இந்த நாட்டைப் பற்றி நாம்தான் எழுத வேண்டும். அது எளிதல்ல. இந்த மண்ணின் மீது நமக்கு அன்பும் இருக்கிறது, தீராத கேள்விகளும் இருக்கின்றன. 2016 சுதந்திர தினத்தன்று காலிமுகத்திடலில் தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது. 1949க்குப் பிறகு அரச விழாவில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. அதைக் கேட்டபோது நெஞ்சு விம்மியவர்களுக்கு, ஏன் இத்தனை காலம் என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. இரண்டையும் எழுதுங்கள். கேள்வியை மறைத்துவிட்டுப் புகழை மட்டும் சொன்னால் கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

எடுத்துக்காட்டாக, ‘வீரம் செறிந்த எம் தாய்நாடே’ என்று தொடங்குவதில் யாருடைய ஊரும் இல்லை. அதற்குப் பதிலாக இப்படி எழுதிப் பாருங்கள்:

பாட்டி கொழுந்து பறித்த மலைக்கு
இன்றும் பஸ் ஒரு நேரம்தான் வருகிறது.
அந்த மலையையும் சேர்த்துத்தான்
என் நாடு என்கிறேன்.

ஒரு மலை, ஒரு பஸ், ஒரு பாட்டி. கேட்பவர் கொட்டாஞ்சேனையில் இருந்தாலும் மட்டக்களப்பில் இருந்தாலும் தம் ஊரை அங்கே வைத்துப் பார்த்துக்கொள்வார். மொத்தம் இரண்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

படி 2: தாளில் மூச்சைக் குறியுங்கள்

பலர் தாண்டிப் போகும் படி இதுதான். பதிவின் தரத்தில் பாதி இங்கேயே முடிவாகிவிடும் என்பது என் எண்ணம். வரிகளைப் பெரிய எழுத்தில், இடைவெளி விட்டு எழுதுங்கள். சிறு நிறுத்தத்துக்கு ஒரு கோடு, மூச்சு எடுக்கும் இடத்துக்கு இரண்டு கோடு.

மேலே உள்ள இரண்டாவது வரியை எடுத்துக்கொள்வோம். ‘இன்றும்’ என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு கோடு. ‘ஒரு நேரம்தான்’ என்ற இடத்தில் குரலை உயர்த்தத் தோன்றும், உயர்த்தாதீர்கள். செய்தி சொல்வதுபோல் சற்றுத் தாழ்த்திச் சொல்லுங்கள். ‘வருகிறது’ முடிந்ததும் இரண்டு கோடு. அங்கே முழுதாக ஒரு மூச்சு எடுக்கும் நேரம் மௌனம் இருக்கட்டும். அந்த மௌனத்தில்தான் கேட்பவர் கோபப்படுகிறார். கோபத்தையும் நீங்களே பட்டுவிட்டால் அவருக்கு வேலையில்லை. பிறகு வரும் ‘என் நாடு’ என்பதை அழுத்தாமல் சொன்னால் போதும்.

கவியரங்குகளுக்குப் போய்ப் பழகியவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அரங்கில் ஒரு வரியை இரண்டு முறை சொல்வது வழக்கம். பின்வரிசைக்கு எட்டவும், கைதட்டலுக்கு இடம் விடவும் அது தேவை. பதிவில் அது வேண்டாம். கேட்பவர் விரும்பினால் அவரே பின்னால் தள்ளிக் கேட்டுக்கொள்வார். தலைவருக்கும் சபைக்கும் சொல்லும் வணக்கமும் இங்கே தேவையில்லை.

படி 3: இடமும் நேரமும்

கொழும்பில் அமைதி தேடிப் பிடிக்க வேண்டிய பொருள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் என்றால் கரையோரப் புகையிரதம் ஒரு புறம், காலி வீதியின் ஹார்ன் மறுபுறம். காலையில் காகம், கொஞ்ச நேரத்தில் பீத்தோவன் மெட்டை ஒலித்துக்கொண்டு பாண் விற்க வரும் ‘சூன் பாண்’ முச்சக்கர வண்டி. இரவு பத்து மணிக்குப் பிறகு முயலுங்கள். உடைகள் நிறைந்த அலுமாரியைத் திறந்து வைத்து அதை நோக்கிப் பேசினால் எதிரொலி அடங்கும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். வியர்க்கும்; இரண்டு நிமிடம்தானே.

படி 4: பதிவு

தொலைபேசியை விமான நிலைக்கு மாற்றுங்கள். பதிவுச் செயலியில் ஒலியைச் சுருக்காமல் சேமிக்கும் வேவ் (WAV) வடிவம் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். ‘பாட்டி’, ‘பறித்த’, ‘பஸ்’ எல்லாமே பகரத்தில் தொடங்குகின்றன; நேராக வைத்தால் ஒவ்வொன்றும் காற்றாக வெடிக்கும்.

முதலில் ஐந்து வினாடி பேசாமல் இருங்கள். திருத்தும்போது அது உதவும். பிறகு, இந்தக் கவிதையைக் கேட்க வேண்டிய ஒருவரை மனதில் இருத்துங்கள். மாமாவோ, வெளிநாட்டில் இருக்கும் தங்கையோ, யாராக இருந்தாலும் ஒரே ஒருவர். அவரிடம் சொல்லுங்கள். நடுவில் தடுமாறினால் நிறுத்தாமல் அந்த வரியின் தொடக்கத்துக்குப் போய்த் தொடருங்கள்.

படி 5: திருத்தம்

கணினியில் இலவசமாகக் கிடைக்கும் ஒடாசிட்டி (Audacity) என்ற ஒலித்திருத்தச் செயலி போதும். தொடக்கத்தில் பதிந்த அந்த ஐந்து வினாடி மௌனத்தை இரைச்சலின் மாதிரியாகக் காட்டி, முழுப் பதிவிலும் 6 முதல் 12 டெசிபல் வரை இரைச்சலைக் குறையுங்கள். அதற்கு மேல் போனால் குரல் தகரத்துக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். தடுமாறிய வரிகளை வெட்டுங்கள். மூச்சு ஒலிகளை எல்லாம் வெட்டிவிடாதீர்கள். மூச்சு இல்லாத குரலை யாரும் நம்புவதில்லை. கடைசியில் உச்ச அளவை மைனஸ் 1 டெசிபலுக்குக் கொண்டுவாருங்கள்.

பின்னணி இசை இல்லாமல் விடுவதே என் விருப்பம். வேண்டுமென்றால் வெள்ளவத்தைக் கடற்கரையில் நீங்களே பதிந்த அலையோசையைக் குரலுக்கு வெகு கீழே வையுங்கள். சினிமாப் பின்னணி இசை வேண்டாம். அது வேறொருவரின் உழைப்பு, கேட்பவரின் நினைவையும் வேறெங்கோ இழுத்துச் செல்லும்.

படி 6: அனுப்புதல்

நேரடியாகக் குழுவில் போடாமல், முதலில் வீட்டில் மூத்த ஒருவரிடம் தொலைபேசியைக் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். எந்த வரியில் ‘என்ன சொன்னாய்?’ என்று கேட்கிறாரோ, அந்த வரியை மீண்டும் பதியுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஆவணமாக இணைத்தால் ஒலித்தரம் குறையாது. செவித்திறன் குறைந்தவர்களுக்காகக் கவிதை வரிகளையும் எழுத்தில் சேர்த்துவிடுங்கள். 4ஆம் திகதி காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் அனுப்புவார்கள். நீங்கள் முந்தின நாள் மாலை, வேலை முடிந்து எல்லோரும் வீடு திரும்பும் நேரத்தில் அனுப்பிவிடுங்கள்.