பின் டிஃபரென்ஷியலில் சத்தமா? கழற்றும் முன் காது கொடுங்கள்

என்ஜின் சக்தியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டிதான் பின் டிஃபரென்ஷியல். வண்டியின் பின்பக்கம் ஊளை மாதிரி ஒரு சத்தம் கேட்டதும், அதற்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான "கிரவுன் போச்சு" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டயரும் அப்படிக் கத்தும், வீல் பேரிங்கும் கத்தும். சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட எப்போது வருகிறது என்பதுதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

படி 1: டயரை ஒதுக்குங்கள்
தார்ச் சாலையிலிருந்து கான்கிரீட் சாலைக்கு ஏறியதும் சத்தம் மாறினால் அநேகமாக டயர்தான். டிஃபரென்ஷியலுக்குச் சாலை ஒரு பொருட்டில்லை.

படி 2: ஆக்சிலேட்டர் சோதனை
இதை அவசரப்படாமல் செய்யுங்கள், பாதி விடை இங்கேயே கிடைத்துவிடும். ஆளில்லாத நேர்சாலையில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, முதலில் ஆக்சிலேட்டரை அழுத்தி ஓட்டுங்கள். பிறகு ஒரே வேகத்தில் பிடியுங்கள். அப்புறம் காலை எடுத்துவிட்டு, கியரிலேயே வண்டியை உருள விடுங்கள். கிரவுன் வீல் பல்லுக்கு இரண்டு முகம் உண்டு. அழுத்தும்போது ஒரு முகம் சுமை தாங்கும், காலை எடுத்தால் மறுமுகம். அழுத்தும்போது மட்டும் ஊளையிட்டால் பல் தேய்மானம் அல்லது பற்கள் சரியாகப் பொருந்தாதது காரணமாக இருக்கலாம். காலை எடுத்ததும் ஊளையிட்டால் பினியன் (கிரவுன் வீலைச் சுற்றவைக்கும் சிறிய பல்சக்கரம்) பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று நிலையிலும் மாறாத இரைச்சல் என்றால் பேரிங் பக்கம் சந்தேகம் திரும்ப வேண்டும். கியர் விகிதம் 4 என்றால் சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் பினியன் 4 சுற்று சுற்றிவிடும். அதனால் பினியன் பேரிங்கின் சத்தம் கீச்சென்று மேலே நிற்கும், கிரவுன் வீலைத் தாங்கும் பேரிங்கின் சத்தம் தாழ்ந்த உறுமலாக வரும்.

படி 3: வளைவில் கேளுங்கள்
நேராகப் போகும்போது அமைதி, திரும்பும்போது மட்டும் கடகட என்றால் காரணம் உள்ளே இருக்கும் ஸ்பைடர் கியர்கள், அதாவது இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வழிவிடும் சிறு பல்சக்கரங்கள். அவை வேலை செய்வதே வளைவில்தான். லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும்) வகையாக இருந்தால் தவறான ஆயிலாலும் இப்படி அதிரும். இடப்பக்கம் திரும்பும்போது உறுமல் கூடினால் சுமை ஏறும் வலப்பக்க வீல் பேரிங்கைப் பாருங்கள்.

படி 4: "டொக்" சத்தம்
கியர் போட்டு நகர்த்தும் கணத்தில் ஒரே ஒரு "டொக்" கேட்டால் முதலில் யு-ஜாயின்ட்டை, அதாவது டிஃபரென்ஷியலுக்குச் சக்தி கொண்டுவரும் தண்டின் மடங்கும் மூட்டை, ஆட்டிப் பாருங்கள். அங்கே ஆட்டம் இல்லையென்றால்தான் டிஃபரென்ஷியல்.

படி 5: ஆயில் பேசும்
சமதளம் கட்டாயம். வண்டியைத் தூக்கினால் நான்கு பக்கமும் ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகவே கூடாது. மேலே இருக்கும் ஆயில் ஊற்றும் பிளக்கை முதலில் கழற்றுங்கள். அது இறுகிக் கிடந்தால், இருக்கிற ஆயிலை வடித்துவிட்டுத் திரும்ப ஊற்ற வழியில்லாமல் நிற்க வேண்டிவரும். பெரும்பாலான வண்டிகளில் ஆயில் அந்தத் துளையின் விளிம்புவரை இருக்க வேண்டும். குறைந்திருந்தால் பினியன் சீலில் கசிவு இருக்கிறதா என்று தேடுங்கள்.

வடித்த பிறகு, வடிகால் பிளக்கில் காந்தம் இருந்தால் அதைத் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மைபோல ஒட்டியிருந்தால் சரி, அது இயல்பான தேய்மானம். செதில்கள் வந்தால் பேரிங்கோ பல்லோ உதிர்கிறது. துண்டே கிடைத்தால் வண்டியை அதற்குமேல் ஓட்டாதீர்கள்: உடைந்த பல் மற்ற பற்களுக்கு இடையில் சிக்கினால், ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும்.