மெத்தை வாங்கும்போது இன்ச்சைப் பார்த்து ஏமாறாதீர்கள்

ஆடித் தள்ளுபடி போர்டு ஏறியதும் எங்கள் மெத்தைக் கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் வருஷா வருஷம் மாறுவதில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் மொத்த வியாபாரியிடம் நானும் இவற்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கட்டிலை அளந்துகொண்டு போங்கள், கடையில் கொஞ்ச நேரம் படுத்துப் பாருங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிட்டு, பணத்தைக் கரைக்கிற தவறுகளுக்கு வருகிறேன்.

உயரத்துக்குப் பணம் கொடுப்பது

எனக்கு இன்றுவரை எரிச்சல் தருவது இதுதான். "எத்தனை இன்ச்?" என்பது முதல் கேள்வி. கையால் ஒரு அமுக்கு அமுக்கி, "நல்லா கெட்டியாத்தான் இருக்கு" என்பது முடிவு. ஃபோம் மெத்தையில் கேட்க வேண்டியது டென்சிட்டி. ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ இருக்கிறது என்ற கணக்கு அது. கெட்டித்தன்மை வேறு, டென்சிட்டி வேறு. லேசான ஃபோமையும் கெட்டியாகத் தயாரிக்கலாம். கையில் அது தெரியாது, சில மாதம் படுத்த பிறகு முதுகில்தான் தெரியும்.

கல்யாணச் சீர் என்றால் இன்னும் மோசம். மண்டபத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டும், அதனால் 8 இன்ச். கையில் இருக்கும் பணமோ 5 இன்ச்சுக்கு. கடைக்காரர் உயரத்தைக் கொடுத்துவிட்டு உள்ளே கைவைக்கிறார்.

போன ஆவணியில் ஒரு பெரியவர், அக்கா மகளுக்குத் தாய்மாமன் சீராகக் கொடுத்த மெத்தையைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வந்தார். வேறு ஊரில் வாங்கியது. 78க்கு 60, உயரம் 8 இன்ச். லேபிளில் 40 டென்சிட்டி என்று தங்க எழுத்து. ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆளுக்கொரு பள்ளம், நடுவில் வரப்பு மாதிரி ஒரு மேடு. "திருப்பிப் போட்டும் பார்த்தாச்சு தம்பி, மறுபக்கமும் அதே கதைதான்" என்றார். பக்கத்துப் பழைய பேப்பர் கடைத் தராசில் ஏற்றினோம். உறையோடு சேர்த்து 13 கிலோ. லேபிள் உண்மையாக இருந்தால் ஃபோம் மட்டுமே 24 கிலோவைத் தாண்டியிருக்க வேண்டும். பார்சலுக்குள் அடைக்கிற ரகத்தை வெல்வெட் துணிக்குள் வைத்துத் தைத்திருக்கிறார்கள். அவர் வாங்கிய கடைக்குப் போன் போட்டால், "பள்ளம் வாரன்டியில் வராது" என்று பதில். மனுஷன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இந்தக் கணக்கை நீங்களே போடலாம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் இன்ச்சில் பெருக்கி 61,000ஆல் வகுத்தால் கன மீட்டர் வந்துவிடும். அதை டென்சிட்டியால் பெருக்கினால் எடை. 72க்கு 36, உயரம் 4 இன்ச் சிங்கிள் மெத்தை 32 டென்சிட்டி என்றால் சுமார் ஐந்தரைக் கிலோ நிற்க வேண்டும். நாலு கிலோதான் நிற்கிறது என்றால் கடையை விட்டு இறங்கிவிடுங்கள்.

இதிலேயே மலிவாக வாங்கும் வழியும் இருக்கிறது. ஃபோம் விலை பெரும்பாலும் எடையை ஒட்டித்தான் போகும். 8 இன்ச்சில் 20 டென்சிட்டிக்கு எவ்வளவு ஃபோம் ஆகிறதோ, 5 இன்ச்சில் 32 டென்சிட்டிக்கும் அதே எடைதான் ஆகும். செலவு கிட்டத்தட்ட ஒன்று. முன்னது சீக்கிரம் குழி விழும், பின்னது பல வருஷம் தாங்கும். ஆனால் 5 இன்ச்சைக் காட்டினால், "இவ்வளவு ஒல்லியாவா?" என்று முகம் சுளிக்கிறார்கள். என்ன செய்ய!

எடை மட்டும் போதுமா என்றால், போதாது. துண்டு ஃபோம்களைப் பசை போட்டு அழுத்திய ரீபாண்டட் நல்ல கனமாக இருக்கும். அடியில் தாங்குவதற்கு அது நல்ல சரக்குதான், அதன் பெயரைச் சொல்லி விற்கும்வரை. தூள் கலந்து எடை ஏற்றிய ஃபோமும் உண்டு; அது சீக்கிரம் நொறுங்கும். அதனால் ஜிப் வைத்த உறையைத் திறக்கச் சொல்லி அடுக்குகளைக் கண்ணால் பாருங்கள். ஒரே ரக ஃபோமா, மேலே அரை இன்ச் மட்டும் மெமரி ஃபோமா (உடம்புக்கு ஏற்ப மெதுவாக அமுங்கிக்கொடுக்கும் ரகம்) என்பது அப்போது தெரிந்துவிடும். அப்புறம், டென்சிட்டியைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற கடையில் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

'ஆர்த்தோ' என்ற எழுத்தை நம்புவது

முதுகுக்கு நல்லது என்று சொல்லும் இந்த லேபிளை யார் வேண்டுமானாலும் அச்சடித்து ஒட்டலாம்.

பழைய மெத்தை எக்ஸ்சேஞ்ச்

பழையதுக்குக் கடைக்காரர் கழித்துத் தரும் தொகை புது மெத்தையின் விலையில் முன்பே ஏறியிருக்கும்.

கட்டிலைக் கவனிக்காமல் விடுவது

பிளைவுட் வளைந்த கட்டிலில் எந்த மெத்தையைப் போட்டாலும் அதுவும் சேர்ந்து வளையும். நாடா கட்டிலில் ஃபோமை விரித்துவிட்டு மெத்தையைத் திட்டுகிறவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். சட்டங்களுக்கு நடுவே அகலமான இடைவெளி இருந்தால், முதலில் ஒரு பிளைவுட் பலகை வாங்கிப் போடுங்கள். பாதிப் பேருக்குப் புது மெத்தையே தேவைப்படாது.

வாரன்டி வருஷத்தை மட்டும் படிப்பது

10 வருஷம் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். எத்தனை மில்லிமீட்டர் பள்ளம் விழுந்தால் ஏற்பார்கள், கறை பட்டால் என்ன ஆகும், எடுத்துப் போகும் வண்டிச் செலவு யாருடையது என்பது பின்பக்கப் பொடி எழுத்தில் இருக்கும். ஆன்லைனில் 100 இரவு சோதனை என்று தருகிறார்களே, அதிலும் இதே பொடி எழுத்து உண்டு.

வீட்டிலிருக்கும் பஞ்சு மெத்தையைத் தூக்கிப் போடுவது

ஊரில் பரண்மேல் கிடக்கும் இலவம்பஞ்சு மெத்தை கட்டி தட்டிப்போனால் பஞ்சு கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. பிரித்து, வெயிலில் காயவைத்து, அடித்து, குறைகிற அளவுக்குப் புதுப் பஞ்சு சேர்த்துத் தைத்தால் மறுபடி எழும்பிவிடும். புது ஃபோம் மெத்தையோடு ஒப்பிட்டால் செலவு குறைவு, நம் வெக்கைக்கும் அதுதான் தோது. சேர்க்கிற பஞ்சை மட்டும் பார்த்து வாங்குங்கள். போடி பக்கத்து இலவம்பஞ்சு என்று சொல்லிவிட்டு மில் கழிவுப் பஞ்சைக் கலப்பது சாதாரணம். ஒரு பிடி எடுத்துப் பாருங்கள்: இலவம்பஞ்சு பட்டு மாதிரி வழுக்கும், கழிவு கொரகொரவென்று திரியாக வரும். விதை நீக்காத பஞ்சாக இருந்தால் வீட்டுக்கு எலி வரும். தைக்கக் கொடுக்கும்போது பழைய பஞ்சை எடை போட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் அடைத்துத் தைத்து முடிகிறவரை அங்கேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருங்கள்.