முதியோர் இல்லத்து சாப்பாட்ட சரி பண்றது எப்படி: தட்டுல மிஞ்சுறதுலேர்ந்து ஆரம்பிங்க

கடலூர்ல ஒரு சின்ன முதியோர் இல்லத்தோட கிச்சன நான் பாத்துக்கறேன். மெனு சார்ட்ட பாத்தா ஒரு குறையும் சொல்ல முடியாது, காலைல இட்லி சாம்பார், மதியம் சாதம் பொரியல் ரசம் மோர், ராத்திரி உப்புமா இல்ல இட்லி. ஆனாலும் தாத்தா ஆயாங்களுக்கு உடம்பு இறங்கிட்டே வந்துச்சு, ஜாக்கெட் கை தொளதொளன்னு ஆச்சு. தட்டுல போட்டது கணக்கில்ல, வயித்துக்குள்ள போனதுதான் கணக்கு. இத வச்சிதான் ஒவ்வொண்ணா மாத்துனோம், அத அப்படியே வரிசையா எழுதுறேன். சமையல் சொல்லித்தர போறதில்ல, அது உங்க மாஸ்டருக்கே தெரியும்.

ஸ்டெப் 1: எடை

மாசத்துக்கு ஒரு தடவ, ஒரே மெஷின்ல, காலைல சாப்பாட்டுக்கு முன்னாடி. முள்ளு மெஷின் வேணாம், டிஜிட்டலே வாங்குங்க. 3 மாசத்துல 3 கிலோவுக்கு மேல குறைஞ்சாலோ, 6 மாசத்துல மொத்த எடைல 5 சதவீதம் போனாலோ டாக்டர்கிட்ட காட்டணும். நிக்க முடியாதவங்களுக்கு கெண்டைக்கால் சுத்தளவ டெய்லர் டேப்பால எடுங்க, 31 சென்டிமீட்டருக்கு கீழ இருந்தா அவங்க பேர தனியா குறிச்சிக்கோங்க.

ஸ்டெப் 2: தட்டு திரும்பி வரும்போது பாருங்க

ஒரு வாரம் மெனுவுல கை வைக்காதீங்க. ஒரு நோட்டு போட்டு பேருக்கு நேரா முழுசு, பாதி, கால், தொடல, இந்த நாலுல ஒண்ண எழுதுங்க. நோட்ட மேனேஜர்கிட்ட குடுக்காம பாத்திரம் கழுவுற அக்காகிட்டயே குடுங்க, எல்லா தட்டும் அவங்க கைக்குதான் வருது. எங்க அக்கா காட்டினப்பறம்தான் ஒரு விஷயம் தெரிஞ்சுது, பீன்ஸ் பொரியல் அன்னிக்கு நிறைய தட்டோட ஓரத்துல மென்னு துப்புன நார் உருண்டையா ஒதுக்கி கிடக்கும். முருங்கக்காய் சாம்பார்னா காய் அப்படியே வரும். பிடிக்காம இல்ல, பல்லு இல்ல. இப்ப முருங்கக்காய வேகவச்சு சதைய வழிச்சு சாம்பார்லயே கலந்துடறோம், பீன்ஸுக்கு பதிலா பூசணி, சுரக்கா, கீரை மசியல்.

ஸ்டெப் 3: கேக்கற விதம்

"சாப்பாடு எப்படி இருக்கு?"ன்னு கேட்டா "நல்லாதாம்மா இருக்கு"ன்னுதான் பதில் வரும், எந்த இல்லத்துக்கு போனாலும் இதே பதில்தான். போட்ட சோத்த குறை சொல்லக்கூடாதுங்கற வளர்ப்பு ஒண்ணு, சொன்னா மனசு கோணிப்பாங்களோங்கற பயம் ஒண்ணு. அதனால இன்னிக்கு சாப்பாட்ட பத்தி கேக்காதீங்க, அவங்க வீட்டு சாப்பாட்ட பத்தி கேளுங்க. தேவனாம்பட்டினம் பக்கத்து ஆயா ஒருத்தங்க, எது கேட்டாலும் தலைய மட்டும் ஆட்டுவாங்க. "ஆயா, சங்கரா மீன் குழம்புக்கு மாங்கா போடுவீங்களா?"ன்னு கேட்டதும் நிமிந்து உக்காந்து, "மாங்கா கடைசியாதான்டி போடணும், முன்னாடியே போட்டா கரைஞ்சிடும், நீங்க வைக்கறதுல புளிதான் நிக்குது"ன்னு ஆரம்பிச்சு முழு குழம்பும் சொல்லி முடிச்சாங்க. நமக்கு வேண்டிய குறை அதுக்குள்ளயே வந்துடுச்சு பாருங்க.

ஸ்டெப் 4: புரதம்

வயசானவங்களுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு கொறஞ்சது 1 கிராம் புரதம் வேணும். 50 கிலோ ஆயான்னா 50 கிராம். மேல சொன்ன மெனுவ முழுசா சாப்பிட்டாக்கூட 30 கிராம தொடறதே கஷ்டம், இதுல பாதி தட்டுல திரும்பி வந்தா என்ன ஆகும். ஒரு முட்டைல 6 கிராம், 200 மில்லி பால்ல 6, ஒரு கிண்ணம் தயிர்ல 5, பொட்டுக்கடலையோ வேர்க்கடலையோ 20 கிராம் பொடிச்சா 4. அளவ ஏத்தாதீங்க, அவங்களால அவ்வளவுதான் சாப்பிட முடியும், அதே அளவுக்குள்ள சத்த ஏத்துங்க. கஞ்சிய தண்ணில வைக்காம பால்ல வைங்க, உடைஞ்ச முந்திரி பண்ருட்டி பக்கம் விலை கம்மியா கிடைக்கும், அத நைசா அரைச்சு அதுல கலந்துடுங்க. டப்பால வர்ற சத்து பவுடர நான் கடைசியாதான் யோசிப்பேன், அந்த காசுக்கு எவ்ளோ பாலும் முட்டையும் வாங்கலாம்.

பால் தயிருக்கு நான் இவ்ளோ அடம் புடிக்கறதுக்கு காரணம் இருக்கு. ஆஸ்திரேலியால 60 முதியோர் இல்லத்துல 7 ஆயிரத்துக்கும் மேல ஆளுங்கள வச்சு 2 வருஷம் ஒரு ஆய்வு நடந்துச்சு, 2021ல பிஎம்ஜே மருத்துவ இதழ்ல வந்துச்சு. பாதி இல்லத்துல பால், தயிர், சீஸ் மட்டும் கூட்டி குடுத்தாங்க, மாத்திரை கிடையாது. அங்க எலும்பு முறிவு 33 சதவீதம் குறைஞ்சுது, இடுப்பு எலும்பு முறிவு 46 சதவீதம். ஆவினோ, பாண்டில இருந்தா பான்லேயோ, எது கிடைச்சாலும் சரி. ஆனா கிட்னி பிரச்சனை இருக்கறவங்களுக்கு டாக்டர கேக்காம புரதத்த ஏத்தாதீங்க.

ஸ்டெப் 5: விழுங்க கஷ்டப்படுறவங்க

இத அவசரப்படாம படிங்க, பெரும்பாலான கிச்சன்ல கோட்டை விடுற இடம் இதுதான். சாப்பிடும்போது இருமல், சாப்பிட்டு முடிச்சதும் தொண்டைல தண்ணி நிக்கற மாதிரி குரல், அடிக்கடி சளி காய்ச்சல், இதுல எது இருந்தாலும் முதல்ல ஈஎன்டி டாக்டர், ஸ்பீச் தெரபிஸ்ட்ட பாக்கணும். எந்த பதத்துல குடுக்கணும்னு அவங்கதான் சொல்லணும், நாம முடிவு பண்ண கூடாது.

சொன்ன பதத்த கொண்டு வர்றதுதான் கிச்சன் வேலை. விழுங்க முடியலன்னா நம்ம ஊர்ல உடனே "கொஞ்சம் ரசம் சாதம் குடு"ன்னுவாங்க. இவங்களுக்கு ரொம்ப ஆபத்தானதே அதுதான். தண்ணி மாதிரி ரசம் முன்னாடி ஓடிடும், சோத்துப்பருக்கை பின்னாடி வரும், ரெண்டுக்கும் சேத்து தொண்டைக்கு ஒரே நேரத்துல வேலை செய்ய வராது, மூச்சுக்குழாய்ல போயிடும். தண்ணியும் பருக்கையும் பிரிஞ்சு நிக்கற கஞ்சியும் அப்படித்தான். அப்பறம் பசை மாதிரி ஒட்டுற உப்புமா, களி, அது தொண்டைலயே நின்னுடும்.

விழுங்க கஷ்டப்படுறவங்க சாப்பாட்டோட பதத்த குறிக்க ஐடிடிஎஸ்ஐன்னு உலகம் பூரா ஒரு அளவு முறை இருக்கு, 0லேர்ந்து 7 வரைக்கும் நிலை. மசியல் 4வது நிலை, பொடிசா நறுக்கி ஈரமா குடுக்கறது 5வது. 5ல ஒரு துண்டோட அகலம் 4 மில்லிமீட்டர தாண்ட கூடாது, அது சாதா முள்கரண்டியோட ரெண்டு பல்லுக்கு நடுவுல இருக்கற இடைவெளிதான், அதனால முள்கரண்டி ஒண்ணு கிச்சன்லயே இருக்கட்டும். இந்த ரெண்டு நிலைக்குமே ஸ்பூன் டெஸ்ட் பண்ணணும். ஒரு ஸ்பூன் எடுங்க, குவியலா நிக்கணும், சாய்ச்சா மொத்தமா பொத்துன்னு விழணும், ஸ்பூன்ல லேசா படிஞ்சா பரவால்ல, அப்பிக்கிட்டு நிக்க கூடாது. குழைஞ்ச சாதம், பாசிப்பருப்பு, நெய் மூணையும் சூடா இருக்கும்போதே மிக்சி சின்ன ஜார்ல விட்டு விட்டு அடிங்க, ஆறுனப்பறம் அடிச்சா பசையாயிடும். பரிமாறும்போது இன்னொரு தடவ டெஸ்ட் பண்ணுங்க, ஆற ஆற இறுகும்.

மசிக்கறதா இருந்தா சாதம் தனியா, கீரை தனியா, கேரட் தனியா மசிச்சு தனித்தனியா வைங்க. எல்லாத்தையும் ஒண்ணா போட்டு அடிச்சா சாம்பல் கலர்ல ஒண்ணு வரும், அத யாருக்கும் வாய்ல வைக்க தோணாது. சாப்பிடும்போது நிமிந்து உக்காரணும், முடிச்சப்பறமும் அரை மணி நேரம் படுக்க வைக்க கூடாது.

ஸ்டெப் 6: நேரமும் இடமும்

ராத்திரி ஆறரைக்கு சாப்பாட்ட முடிச்சிட்டு காலைல எட்டரைக்கு இட்லி குடுத்தா நடுவுல 14 மணி நேரம் பட்டினி. ஒன்பது மணிக்கு ஒரு டம்ளர் பால், விடிகாலைல கஞ்சி, இவ்ளோதான். தாகம் தெரியாதவங்களுக்கு கேக்காமலே மோர், நன்னாரி தண்ணி கைல குடுங்க (தண்ணி அளவா குடிக்க சொல்லி டாக்டர் சொன்னவங்களுக்கு, விழுங்க கஷ்டப்படுறவங்களுக்கு இது பொருந்தாது). கண்ணு மங்குனவங்களுக்கு வெள்ளத்தட்டுல வெள்ள இட்லி, தேங்கா சட்னி வச்சா தெரியவே தெரியாது, நீலமோ செவப்போ கலர்தட்டு வாங்குங்க. முடிஞ்சா தாளிப்ப மட்டும் ஹாலுக்கு பக்கத்துல வச்சு பண்ணுங்க, கடுகும் கருவேப்பிலையும் மணத்தா தானா எழுந்து வருவாங்க.

அப்டேட்: சுகர் இருக்கறவங்களுக்கு என்ன பண்றதுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. 85 வயசுல எடை இறங்கிட்டு இருக்கறவங்களுக்கு ரொம்ப கடுமையான பத்தியம் போட்டா சாப்பாடே உள்ள போகாது, எவ்ளோ தளத்தலாம்னு டாக்டர்கிட்ட பேசி முடிவு பண்ணுங்க, மாத்திரை அளவும் அதுக்கேத்த மாதிரி மாத்தணும்.

இன்னொரு அப்டேட்: பாண்டிலேர்ந்து ஒருத்தங்க கேட்ட நல்ல கேள்வி, பிறந்தநாள், திதின்னு வெளியிலேர்ந்து வர்ற சாப்பாட்ட என்ன பண்றது. ஒரே நாள்ல மூணு பேர் பிரியாணி, வடை பாயசம்னு கொண்டு வருவாங்க, ரெண்டு மணி வரைக்கும் தாத்தாங்க பசியோட காத்துட்டு இருப்பாங்க, அன்னிக்கு தட்டு நோட்டுல பூரா "கால்"தான். அன்போட குடுக்கறவங்கள வேணாம்னு திருப்பி அனுப்ப மனசு வராது. நாங்க வாசல்ல ஒரு காலண்டர் மாட்டி, ஒரு நாளைக்கு ஒரு குடும்பம், சமையல் எங்க கிச்சன்லயே, பன்னெண்டரைக்கு பந்தின்னு எழுதி வச்சிட்டோம். நாள் கிடைக்காதவங்களுக்கு ஒரு லிஸ்ட் குடுக்கறோம், வேணும்னா அப்படியே எடுத்துக்கோங்க: ஒரு நாள் பால், ஒரு வாரத்து முட்டை, பாசிப்பருப்பு, வேர்க்கடலை, உடைஞ்ச முந்திரி, நெய், வாழைப்பழம், கலர்தட்டு, ரெண்டு பக்கமும் பிடி வச்ச டம்ளர்.