தட்டாத பயணத்தை எப்படிக் கணக்கில் கொண்டுவருவது?

சிங்கப்பூரில் உங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து பலதுறை மருந்தகத்துக்குப் போகும் பேருந்து நேரத்துக்கு வருவதில்லை, வந்தாலும் ஊரைச் சுற்றிப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மின்தூக்கியில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிப் புலம்புகிறோம், ஒன்றும் மாறுவதில்லை. மாற்ற வழி உண்டு. ஒரு வாரம் ஒதுக்க வேண்டும், கூட நடக்க வேண்டும்.

முதலில் ஒரு விஷயம். இங்கே யார் எந்த நிறுத்தத்தில் ஏறி எங்கே இறங்குகிறார் என்பது பேருந்துக் கருவியில் பயண அட்டையைத் தட்டும்போதே பதிவாகிவிடுகிறது. நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் அந்தத் தரவு மலைபோல் குவிந்திருக்கிறது. அதில் இல்லாதது தட்டாத பயணம். முட்டிவலியோடு மேம்பாலம் ஏற முடியாமல் வீட்டிலேயே இருந்துவிட்ட பாட்டி, முதல் பேருந்து வருமுன்பே வேலையிடத்தில் நிற்க வேண்டும் என்பதால் இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து டாக்சி பிடிக்கும் துப்புரவு வேலை செய்யும் அக்கா, லாரியின் பின்பக்கம் உட்கார்ந்து போகும் தம்பிகள், இவர்களில் யாரும் அந்தக் கணக்கில் இல்லை. நிறுத்தத்தில் ஆளே இல்லை என்று எண்கள் சொல்லும். பேருந்து ஒழுங்காக வராததால்தான் ஆளில்லை என்பதை எண்கள் சொல்லாது, அதை நாம்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

சரி, எங்கே தொடங்குவது? ஒரே ஓர் ஆளையும் ஒரே ஒரு பயணத்தையும் தேர்ந்தெடுங்கள். ‘எங்கள் வட்டாரத்தில் போக்குவரத்து மோசம்’ என்று எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. யாருக்கு வேறு வழியே இல்லையோ அவரைத் தேர்ந்தெடுங்கள். கார் வைத்துக்கொள்ள வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழ், அதாவது சிஓஇ, 2023 அக்டோபரில் பெரிய கார்ப் பிரிவில் 1,50,001 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) போனது. பேருந்தை விட்டால் கதியில்லாத குடும்பங்கள் இந்த ஊரில் நிறைய. கொலம்பியாவின் மெதெயின் நகரத்தில் 2004இல் மலைச்சரிவில் இருந்த ஏழைக் குடியிருப்புகளுக்குக் கம்பிவட வண்டி விட்டு மெட்ரோ ரயிலோடு இணைத்தார்கள். அங்கே யாருக்கு நடை அதிகமோ அங்கிருந்து தொடங்கினார்கள், நாமும் அப்படித்தான் செய்யப்போகிறோம்.

அப்புறம் அவரோடு கூடவே போங்கள், வீட்டுக் கதவிலிருந்து மருந்தகக் கதவு வரை. இதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள், கூகல் மேப்பைப் பார்த்து எழுதிவிட முடியாது. எங்கள் மாடியில் இருக்கும் பாட்டியோடு நான் போனபோது, பேருந்துக்குள் இருந்தது 18 நிமிடம்தான், ஆனால் கதவிலிருந்து கதவுக்கு ஒரு மணி 10 நிமிடம் ஆனது. மிச்ச நேரம் எல்லாம் நடை, காத்திருப்பு, சாலை கடப்பது, நடுவில் இரண்டு முறை உட்கார இடம் தேடியது. அதனால் நான்கையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்: நடந்தது, காத்திருந்தது, வண்டியில் இருந்தது, வண்டி மாறியது. பயண அட்டைக் கணக்கைக் காட்டும் சிம்ப்ளிகோ செயலியில் பழைய பயணங்களைப் பார்க்கலாம், ஏறிய இறங்கிய நேரத்துக்கு அது உதவும், காத்திருந்த நேரத்துக்கு உங்கள் கைக்கடிகாரம்தான். ஒரு நாள் போதாது. அதே நேரத்தில் ஐந்து வேலை நாள் நில்லுங்கள், மழை பெய்த நாளையும் சேருங்கள். கூரை இல்லாத நடைபாதை மழையில்தான் தெரியும்.

சாலை கடக்கும் இடத்தில் பச்சை எத்தனை விநாடி எரிகிறது என்று எண்ணுங்கள். சில சந்திப்புகளில் மூத்தோர் தங்கள் சலுகை அட்டையைக் கருவியில் காட்டினால், சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 விநாடி கூடுதலாகக் கிடைக்கும். பலருக்கு இது தெரியாது. உங்கள் சந்திப்பில் அந்தக் கருவி இல்லையென்றால் அதுவே நல்ல கோரிக்கை.

எந்தக் கதவைத் தட்டுவது என்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். ஓட்டுநர் நிற்காமல் போனால் பேருந்து நிறுவனம். தடம் எப்படிப் போக வேண்டும், எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்பதெல்லாம் 2016இல் பேருந்துச் சேவைகளை நிறுவனங்களுக்கு ஒப்பந்தத்தில் விடும் முறை வந்தபின் ஆணையத்தின் பொறுப்பு. புளோக்குகளுக்கு நடுவே கூரை வேண்டுமானால் நகர மன்றம். குழப்பமாக இருந்தால் குடியிருப்போர் புகார் சொல்வதற்கான அரசாங்கத்தின் ஒன்சர்வீஸ் செயலியில் போடுங்கள், உரிய இடத்துக்கு அவர்கள் அனுப்புவார்கள். கையோடு ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்கும் போங்கள், முடிந்தால் அந்தப் பாட்டியே வரட்டும்.

கடிதம் ஒரு பக்கம் தாண்டக் கூடாது. ஒரு கோரிக்கை, ஐந்து நாள் கணக்கு, பாதிக்கப்படுவோர் யார், அவ்வளவுதான். 2019இல் வந்த நிலப் போக்குவரத்துப் பெருந்திட்டம், 2040க்குள் உச்சநேரப் பயணங்களில் பத்தில் ஒன்பது 45 நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்கிறது. உங்கள் பாட்டியின் பயணம் உச்சநேரத்தில் இல்லாமல் இருக்கலாம், ஆனாலும் அந்த 45ஐயும் உங்கள் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். பேருந்து இணைப்புகளை மேம்படுத்த எட்டு ஆண்டுகளில் 900 மில்லியன் வெள்ளி வரை செலவிடப்போவதாக 2024இல் அரசாங்கம் அறிவித்திருக்கிறது, ஆகவே கேட்க இதுவே நேரம். புதிய எம்ஆர்டி ரயில் பாதை திறக்கும்போது பேருந்துத் தடங்களும் மாறலாம், அதற்கு முன்பே எழுதுங்கள். பிறகு எழுதினாலும் வீணில்லை: 167ஆம் எண் பேருந்துச் சேவையை 2023 டிசம்பரில் நிறுத்துவதாக அறிவித்தார்கள், மக்கள் சொன்னதைக் கேட்டு அரை மணிக்கு ஒன்றாக ஓட விட்டார்கள்.

ஒரு வேலை நம்மால்தான் முடியும். துவாஸ், கிராஞ்சிப் பக்கத் தங்குவிடுதிகளில் இருக்கும் ஊழியர்களில் தமிழ் பேசுகிறவர்கள் ஏராளம். இங்கே ஓட்டுரிமை இல்லாதவர்கள், வேலைக்கு லாரியில் போகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கூடும் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் அவர்களிடம் போய், ‘தம்பி, விடுதியிலிருந்து இங்கே வர எவ்வளவு நேரமாச்சு, திரும்பிப் போகப் பேருந்து கிடைக்குமா?’ என்று கேளுங்கள். பெயர், விடுதி எதையும் எழுத வேண்டாம், முதலாளியிடம் சிக்கல் வரக்கூடும். நேரத்தையும் தடத்தையும் மட்டும் குறித்துக்கொண்டு உங்கள் பெயரில் அனுப்புங்கள்.

பதில் வரச் சில வாரம் ஆகலாம். ‘பரிசீலிக்கிறோம்’ என்று வந்தால் இரண்டு மாதம் கழித்து அதே கணக்கோடு மறுபடி எழுதுங்கள். மாற்றம் ஏதாவது வந்தால், அதே நிறுத்தத்தில் அதே நேரத்தில் இன்னும் ஐந்து நாள் நின்று, புதிய எண்ணைப் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்.